மஞ்சள் முக்கோணம் விதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அரூப ஓவியம் (பொருள்களின் உருவத்தைக் காட்டாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டும் அமைவது) பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்தது மகிழ்ச்சி. தமிழ் நாளிதழ்களில் இந்தப் பொருளுக்கு இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. வேலூர், காட்பாடிப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் அதை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். ஒட்டி வைத்திருப்பதால்தான் இந்தக் கடிதம். கட்டுரையில் இரண்டு பிழைகள் இருந்தன. மஞ்சளுக்கு முக்கோணம், சிவப்புக்குச் சதுரம், நீலத்துக்கு வட்டம் என்று ஓர் அட்டவணை போட்டு, அதை ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி வகுத்த விதி என்று சொல்லியிருந்தது ஒன்று. ஓவியர் மாலேவிச்சின் 'கறுப்புச் சதுரம்' என்ற ஓவியத்தைப் பத்தியின் அகலத்துக்கு இழுத்து நீள்சதுரமாக அச்சிட்டிருந்தது மற்றொன்று. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன். முதலாவதற்குத்தான் அவசரம். பிள்ளைகள் அந்த அட்டவணையை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்கிறார்கள். வட்டத்துக்குச் சிவப்பு பூசிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது.

1923இல் ஜெர்மனியின் வைமார் நகரில், பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியின் சுவரோவியப் பட்டறை வழியாகக் காண்டின்ஸ்கி ஒரு வினாத்தாளைச் சுற்றுக்கு விட்டார். அதில் முக்கோணம், சதுரம், வட்டம் மூன்றும் வெற்றாக இருந்தன. மஞ்சள், சிவப்பு, நீலத்தில் எதை எதில் நிரப்புவீர்கள், ஏன் என்பது கேள்வி. பெரும்பாலோர் எழுதிய விடைதான் தாங்கள் அச்சிட்ட அட்டவணை. அதே பள்ளியில் ஆசிரியராக இருந்த ஆஸ்கர் ஷ்லெம்மர் அதை ஏற்கவில்லை. வட்டம் என்றதும் அவருக்குத் தோன்றியது சிவப்பு. பின்னாளில் உளவியலாளர்கள் வேறு ஆட்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது அந்த வரிசை நிலைக்கவும் இல்லை. ஒரு பள்ளிக்குள், ஓர் ஆசிரியரின் பாடத்தைக் கேட்டுப் பழகியவர்கள் கொடுத்த விடை அது.

காண்டின்ஸ்கி சொன்ன காரணத்தில் பொருள் இல்லாமல் இல்லை. மஞ்சள் பார்ப்பவரை நோக்கிப் பாய்ந்து வருகிறது, தன் எல்லைக்குள் அடங்குவதில்லை; அதனால் கூர்முனைக்குள் அதன் கூர்மை ஏறுகிறது. நீலம் பார்வையிலிருந்து பின்வாங்கித் தனக்குள் சுருள்கிறது. அதனால் வட்டத்தில் ஆழமாகிறது. 1911 இறுதியில் வெளிவந்த நூலிலேயே இதை எழுதிவிட்டார். 1926 நூலில் இன்னும் நுணுக்கிக் கூர்ங்கோணத்துக்கு மஞ்சள், செங்கோணத்துக்குச் சிவப்பு, விரிகோணத்துக்கு நீலம் என்றார். ஆனால் அந்த முதல் நூலிலேயே, ஒரு நிறமும் வடிவமும் பொருந்தவில்லை என்பதால் அந்தச் சேர்க்கை தவறாகிவிடாது, புதிய இசைவுக்கு அது வழி காட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அட்டவணை போடுகிறவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். வினாத்தாள் சுற்றிவந்த அதே 1923இல் அவர் வரைந்த எட்டாம் 'காம்போசிஷன்' ஓவியத்தைப் பாருங்கள். இடப்பக்க மேல் மூலையில் எல்லாவற்றையும் அடக்கி நிற்கிற பெரிய வட்டம் கறுப்பு. அதனுள்ளே ஊதா, வெளியே சிவந்த ஒளிவட்டம். விதி என்று அவர் நினைத்திருந்தால் தன் பெரிய ஓவியத்திலேயே மீறியிருப்பாரா?

நிறத்துக்கு நிலையான பொருள் உண்டு என்று நம்பிய ஓவியர்கள் அக்காலத்தில் பலர் இருந்தார்கள். அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அட்டவணையின் நிலை புரியும். ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் கிளின்ட், காண்டின்ஸ்கிக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1906இலேயே அரூபப் படங்களைத் தொடங்கியவர். 1907இல் அவர் தீட்டிய பத்துப் பெரிய படங்கள் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அவருடைய முறையில் நீலம் பெண், மஞ்சள் ஆண். ஜெர்மானிய ஓவியர் பிரான்ஸ் மார்க் 1910இல் தன் ஓவிய நண்பர் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் நீலம் ஆண்தன்மை, மஞ்சள் பெண்தன்மை என்கிறார். காண்டின்ஸ்கிக்கோ நீலம் வானுலகம், மஞ்சள் மண்ணுலகம். மூவரும் ஒரே காலத்தில் வரைந்த தேர்ந்த ஓவியர்கள். இதில் யாருடைய அட்டவணையைத் தேர்வில் கேட்பது?

நிறம் எப்படி இயங்குகிறது என்பதற்கு இவர்களைவிட உறுதியான ஒரு வழிகாட்டி உண்டு. அவர் ஓவியர் அல்லர். சாயப் பட்டறையில் இருந்த வேதியியலாளர். பாரீசின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது. நீலம், ஊதாத் துணிமடிப்புகளின் நிழலுக்குப் போடும் கறுப்பு நூல் வலுவில்லாமல் வெளுத்துத் தெரிகிறது என்றார்கள். அவர் வேறு பட்டறைகளின் கறுப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நீலம்தான் கறுப்பின் மேல் தன் எதிர்நிறமான (நிறவட்டத்தில் நேர் எதிரே இருக்கும்) ஆரஞ்சுச் சாயலை ஏற்றி, அதைத் துருப்பிடித்தது போலக் காட்டியது. ஒரு நிறம் அண்டை நிறத்தைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும் என்ற இந்த உண்மையை 1839இல் பெரிய நூலாக வெளியிட்டார். பிரெஞ்சு ஓவியர் ராபர்ட் தெலோனே 1912இல் தீட்டிய ஜன்னல் ஓவியங்களுக்கு அடித்தளம் இதுதான். அவர் மனைவி சோனியா தெலோனே 1911இல் குழந்தைக்காகத் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வையை, அரூப வடிவத்துக்கான அவருடைய முதல் அடி என்று இன்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது எட்டாத பாடம் அல்ல. குடியாத்தத்தில் கட்டம்போட்ட கைலிக்குப் பாவு (நீளவாட்டு நூல்) ஓட்டுகிறவருக்கும், ஆரணியில் பட்டுக்கு ஊடை (குறுக்கு நூல்) நிறம் தேர்கிறவருக்கும் இது அன்றாடத் தொழில். சிவப்புப் பாவின் மேல் நீல ஊடை ஓடும் இடத்தில் மூன்றாவதாக ஒரு மங்கலான ஊதா தெரிகிறதே, அங்கே யாரும் ஊதா நூல் போடவில்லை. எட்டி நின்றால் ஊதா. கண்ணருகே வைத்தால் இரண்டு நூல். மயில்கழுத்து நிறப் பட்டிலும் சங்கதி இதுதான், பாவு ஒன்று, ஊடை வேறு. பட்டின் பளபளப்பால் மடிப்பு திரும்பும்போது ஒன்று அமுங்கி மற்றது மேலே வரும். ஓவிய வகுப்புக்கு ஒரு கைலித் துண்டையும் ஓர் உருப்பெருக்கியையும் கொண்டுவந்தால் முதல் பாடம் முடிந்தது.

அடுத்த பாடத்துக்கு வேண்டியது வண்ணத்தாள், கத்தரிக்கோல், பசை. 10 செ.மீ. பக்கமுள்ள நான்கு சதுரங்களைச் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலத்தில் வெட்டுங்கள். ஒரே சாம்பல்நிறத் தாளிலிருந்து 2 செ.மீ. பக்கமுள்ள நான்கு சிறு சதுரங்களை வெட்டி ஒவ்வொன்றின் நடுவிலும் வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், சிறு சதுரத்தையே 20 விநாடி பாருங்கள். சிவப்பின் மேல் இருக்கும் சாம்பல் லேசாகப் பச்சையடிக்கும். பச்சையின் மேல் இருப்பது சிவப்படிக்கும். தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளைக்கு, மேலே ஒரு டிஷ்யூ தாளைப் போர்த்திக் காட்டுங்கள், உடனே தெரியும்.

இந்தப் பயிற்சி தோற்றுப்போனால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். பளபளக்கும் கிளேஸ் தாளில் விளக்கொளி பிரதிபலித்து நிறத்தை மறைத்துவிடும். மங்கல் பரப்புள்ள தாளே வேண்டும். சாம்பல் மிக வெளிறியோ மிகக் கறுத்தோ இருந்தால் வெளிச்ச வேறுபாடு மேலோங்கி நிறச்சாயல் அமுங்கிவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சாம்பலும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே அளவு கருமையாகத் தெரியவேண்டும். அதனால் மஞ்சளுக்கு மட்டும் வெளிறிய சாம்பலை வைத்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது. மூன்றாவது, பிள்ளைகள் பழக்கதோஷத்தில் சாம்பலைச் சுற்றிக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிடுவார்கள். கோடு போட்டவுடன் சாயல் பெரிதும் அடங்கிவிடும்.

அந்தத் தவறு நடந்தால் அழித்துவிடாதீர்கள். டச்சு ஓவியர் மோந்திரியானின் கட்டங்களில் வரும் கறுப்புக் கோடு எதற்கு என்ற கேள்விக்கு அங்கேதான் விடை இருக்கிறது. தெலோனே நிறங்களை ஒன்றோடொன்று உரசவிட்டு அதிர்வைத் தேடினார். மோந்திரியான் அந்த உரசலை நிறுத்தினார். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையில் கறுப்புக் கோட்டையும் அகன்ற வெள்ளையையும் வைத்ததால் ஒன்றின் சாயல் மற்றதில் ஏறுவது குறைந்து, ஒவ்வொரு நிறமும் தன் முழு வலுவோடு தனித்து நிற்கிறது. கோட்டை வெறும் எல்லைக்கோடாக, நிறம் வழியாமல் தடுக்கும் வரப்பாக மட்டும் சொல்லிக்கொடுப்பது போதாது.

மோந்திரியானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளிச் சுவர்களில் அதிகம் படியெடுக்கப்படுபவரும், அதிகம் கெடுக்கப்படுபவரும் அவர்தான். ஸூரிக் நகரில் இருக்கும் 1930ஆம் ஆண்டு ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். பக்கம் ஏறக்குறைய 46 செ.மீ. மட்டுமே உள்ள சிறிய சதுரம். வலப்பக்க மேல்புறத்தில் சிவப்பு, பாதிக்கும் மேற்பட்ட பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. இடப்பக்கக் கீழ்மூலையில் சிறிய நீலம். வலப்பக்கக் கீழ்மூலையில் ஓரத்தால் வெட்டுப்பட்டது போல ஒரு கீற்று மஞ்சள். மீதி நான்கு பகுதிகள் வெள்ளை. கோடுகள் ஒரே தடிமனில் இல்லை. இடப்பக்கத்தில் இரண்டு வெள்ளைகளைப் பிரிக்கும் குறுக்குக்கோடு மற்றவற்றைவிடத் தடிப்பானது. பெரிய சிவப்பின் எடை ஒரு பக்கம் இழுக்க, அந்தக் குட்டையான தடித்த கோடும் மூலை நீலமும் மறுபக்கம் இழுத்துப் பிடிக்கின்றன. தராசில் ஒரு தட்டில் பஞ்சுமூட்டையும் மறுதட்டில் படிக்கல்லும் வைத்தது போன்ற சமநிலை. இரண்டு தட்டிலும் ஒரே அளவு வைப்பதை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார்.

இதை வகுப்பில் செய்து பார்க்க 30 செ.மீ. பக்கமுள்ள வெள்ளை அட்டை, 6, 9, 12 மி.மீ. அகலங்களில் நறுக்கிய கறுப்புத் தாள் பட்டைகள், 18 செ.மீ. பக்கமுள்ள சிவப்புச் சதுரம், 6க்கு 8 செ.மீ. நீலத்துண்டு, 3க்கு 5 செ.மீ. மஞ்சள்துண்டு போதும். பென்சிலும் அளவுகோலும் அரைமணி நேரம் மேசைக்கு வரக்கூடாது. பட்டைகளை அட்டையின் மேல் நகர்த்தி, எழுந்து நின்று பார்த்து, மறுபடி நகர்த்த வேண்டும். பசையைக் கடைசிப் பத்து நிமிடம் வரை தொட விடாதீர்கள். மோந்திரியான் நியூயார்க்கில் கழித்த இறுதி ஆண்டுகளில் வண்ண ஒட்டுநாடாக்களை ஒட்டி, பிரித்து, இடம் மாற்றித்தான் கோடுகளின் இடத்தைத் தேடினார். 1944இல் அவர் இறந்தபோது கடைசி ஓவியத்தில் அந்த நாடாத் துண்டுகள் அப்படியே இருந்தன.

என்ன தவறுகள் வரும் என்பதையும் சொல்லிவிடலாம். பிள்ளைகள் முதலில் அட்டையைச் சரிபாதியாகப் பிரிப்பார்கள். பிறகு பாதியைப் பாதியாக்குவார்கள். சதுரங்கப் பலகை வந்துவிடும், கண் எங்கும் தங்காது. நடுக்கோட்டிலிருந்து குறைந்தது 3 செ.மீ. தள்ளி வை என்று ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். அடுத்தது, காலியாக இருக்கும் கட்டத்தையெல்லாம் நிரப்பும் ஆசை. ஏழு பகுதிகளில் மூன்றுக்கு மேல் நிறம் ஏறினால் வெள்ளை பின்னணியாகச் சுருங்கிவிடும். மோந்திரியானிடம் வெள்ளையும் ஒரு நிறம்தான், சிவப்புக்குச் சமமாக இடம் கேட்பது. மஞ்சளைக் கோடு இல்லாமல் வெள்ளையின் பக்கத்தில் வைத்தால் இரண்டடி தூரத்தில் அதன் ஓரம் கரைந்துவிடும், காரணம் இரண்டும் வெளிச்சத்தில் நெருக்கமானவை. நீலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இவற்றையெல்லாம் வாயால் சொல்வதைவிட, கெட்டுப்போன அட்டையைக் கரும்பலகையில் சாய்த்து வைத்து வகுப்பையே பின்சுவருக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வது மேல்.

தாளிலிருந்து வண்ணத்துக்குப் போகும்போது வேலூர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் போஸ்டர் கலர் தூரிகையிலிருந்து இறங்கும்போதே காய்கிறது. இரண்டாம் இழுப்பு முதல் இழுப்போடு சேராமல் வரிவரியாக நிற்கிறது. காலை பத்து மணிக்குள் பூச்சை முடித்துவிடுவது ஒன்று. மூன்று பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, தோசைமாவுப் பதத்தில், தேவையான மொத்த அளவையும் ஒரே தடவையில் கலந்துகொள்வது மற்றொன்று. பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. முதல் பூச்சு இடமிருந்து வலம். அது முழுக்கக் காய்ந்தபின் இரண்டாம் பூச்சு மேலிருந்து கீழ். வெளிர்நிறங்கள் காயும்போது சற்றே கறுக்கும், அடர்நிறங்கள் சற்றே வெளுக்கும். அதனால் துண்டுத்தாளில் தடவிக் காயவிட்டுப் பார்க்காமல் எந்தக் கலவையையும் முடிவு செய்யாதீர்கள். வெளிர்நிறம் கலக்கும்போது வெள்ளையில்தான் மற்றதைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். நீலத்தில் வெள்ளையை ஊற்றிக்கொண்டே போனால் புட்டி காலியாகும், நிறம் இறங்காது.

வெள்ளையே எத்தனை வகை என்று காட்ட ஓர் எளிய பயிற்சி: 20 பங்கு வெள்ளையில் 1 பங்கு மஞ்சள்காவி, இன்னொன்றில் 1 பங்குக்கும் குறைவாக நீலம், மூன்றாவது வெறும் வெள்ளை. மூன்றையும் அடுத்தடுத்துப் பூசினால் முதலாவது முன்னே வரும், இரண்டாவது பின்னே போகும். 1918இல் மாலேவிச் தீட்டிய வெள்ளையின் மேல் வெள்ளை ஓவியம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் நிற்கிறது. வெதுவெதுப்பான வெள்ளைத் தளத்தில் குளிர்ந்த வெள்ளைச் சதுரம் ஒன்று சாய்ந்து மிதக்கிறது. நாளிதழ்த் தாளில் அச்சிட்டால் இரண்டு வெள்ளையும் ஒரே பழுப்பாகிவிடும். எனவே அதைக் கையால் கலந்து பார்க்காமல் புரிந்துகொள்ள வழியே இல்லை.

ஒட்டுநாடா போட்டுக் கோடு இழுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நாடாவின் ஓரத்தில் முதலில் அடித்தள நிறத்தையே மெல்லப் பூசிக் காயவிடுங்கள். கசிய வேண்டியது அந்த நிறமாகவே கசிந்து ஓரத்தை அடைத்துவிடும், பிறகு பூசும் கறுப்பு உள்ளே நுழையாது. நாடாவைத் துணியில் இரண்டு முறை ஒற்றிப் பசையைக் குறைத்துக்கொண்டால் வரைதாள் உரியாது. கறுப்பு முழுக்கக் காய்வதற்குள், 45 பாகை சாய்வில், மெதுவாக இழுக்க வேண்டும்.

மாலேவிச்சின் கறுப்புச் சதுரத்தை இவ்வளவு ஒழுங்காகக் கற்பனை செய்யவும் கூடாது. 1915 டிசம்பரில் பெட்ரோகிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கண்காட்சியில், ரஷ்ய வீடுகளில் திருவுருவப் படம் மாட்டும் அறைமூலையில், கூரையை ஒட்டி அது தொங்கியது. பக்கம் 79.5 செ.மீ. அதன் கறுப்பு வடிவின் நான்கு பக்கங்களும் சரியான இணையில் இல்லை. கையால் இழுத்த ஓரங்கள் மெல்ல விலகி, சதுரம் மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. அதே ஆண்டின் சிவப்புச் சதுரத்தில் ஒரு மூலை வெளியே இழுபட்டிருப்பது எவருக்கும் தெரியும். அளவுகோல் வைத்துத் திருத்திவிட்டால் அந்த அசைவு செத்துவிடும்.

கறுப்புப் பரப்பெங்கும் ஓடும் வெடிப்புகள் தனிப் பாடம். 2015இல் மாஸ்கோ ட்ரெட்டியாகோவ் காட்சியகத்தின் ஆய்வாளர்கள் ஊடுகதிர் வைத்துப் பார்த்தபோது, கறுப்பின் அடியில் இரண்டு வண்ண ஓவியங்கள் இருப்பது தெரிந்தது. வரைந்த படத்தின் மேலேயே கறுப்பைப் பூசியிருக்கிறார். எண்ணெய் வண்ணத்தில் அடிப்பூச்சு முழுவதும் இறுகாமல் மேற்பூச்சு ஏறினால், மேலே காய்ந்த தோல் அடியில் நடக்கும் அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிளக்கும். அதோடு கரிக்கறுப்பு எண்ணெயில் மெதுவாகக் காயும் குணமுள்ளது. எண்ணெய் வண்ணம் பழகும் கல்லூரி மாணவர்கள் பழைய கித்தானில் புதுப்படம் போடும்போது இதே வெடிப்பைச் சில ஆண்டுகளில் பார்ப்பார்கள். பழைய பூச்சு குறைந்தது ஆறு மாதமாவது காயட்டும். கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் கூடுதலாகவும் இருக்கட்டும்.

சுவர்களுக்கு வருகிறேன். பள்ளிச் சுற்றுச்சுவர்களில் வண்ணக் கட்டங்கள் வரையும் ஆர்வம் நல்லதுதான். ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவரின் மேல் நேராக எனாமல் பூசினால் மழைக்காலம் முடிவதற்குள் அப்பளம்போல உரியும், அதில் வியப்பில்லை. பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, வெளிச்சுவர் பிரைமர் ஒரு கை, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கை, ஒவ்வொன்றுக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது இடைவெளி. புதிதாகப் பூசிய சுவர் என்றால் 28 நாள் பொறுக்க வேண்டும். சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்னும். மேற்கு பார்த்த சுவரைக் காலையிலும் கிழக்கு பார்த்ததை மாலையிலும் பூசுங்கள். நாடாவை இரண்டு நாள் வெயிலில் விட்டால் பசை சுவரோடு தங்கிவிடும், அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும். படுக்கைக் கோட்டைத் தரையிலிருந்து அளந்து போடாதீர்கள். நம் பள்ளி மைதானங்கள் சரிவானவை. தரையை நம்பிய கோடு தூரத்திலிருந்து கோணலாகத் தெரியும். கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் டியூப் மட்டமும் வாங்கிக்கொண்டு, நூல் அடித்துக் குறியுங்கள். 3 மீட்டர் அகலச் சுவருக்கு 5, 8 செ.மீ. என்ற இரு அகலங்களில் கோடுகள் போதும். எத்தனை நிறம் வாங்கினோமோ அத்தனையையும் சுவரில் காட்டவேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் கடையிலேயே விட்டுவிட வேண்டும்.

இந்த ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது, எல்லாம் நம் கோலத்திலும் ஸ்ரீசக்கரத்திலும் ஏற்கெனவே இருப்பதுதான் என்று சிலர் பெருமையோடு முடித்துவிடுகிறார்கள். உறவு இருக்கும் இடம் வேறு. மோந்திரியான் 1909இல் நெதர்லாந்தின் பிரம்மஞான சபையில் (தியசாபிகல் சொசைட்டி) சேர்ந்தார். ஹில்மாவும் அச்சபையைச் சேர்ந்தவர். அச்சபையின் அன்னி பெசன்ட், அதே சபையின் லெட்பீட்டரோடு எழுதிய, எண்ணங்களுக்கு நிறமும் உருவமும் தந்த நூலைக் காண்டின்ஸ்கி அறிந்திருந்தார். அச்சபையின் தலைமையகம் 1882 முதல் நம் அடையாற்றங்கரையில் இருக்கிறது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில் காண்டின்ஸ்கி, க்ளே உள்ளிட்ட பௌஹவுஸ் ஓவியர்களின் படைப்புகள் இந்தியாவுக்கே வந்தன. இவை பதிவான உண்மைகள், சொல்லிக்கொடுக்கலாம். கோலத்தையும் சொல்லிக்கொடுக்கலாம், வேறுபாட்டோடு. புள்ளிக்கோலம் சம இடைவெளியில் வைத்த புள்ளிகளை நம்பி, நடுவிலிருந்து நாற்புறமும் ஒன்றுபோல விரிகிறது. மோந்திரியான் அந்தச் சமச்சீரைத்தான் கலைத்தார். மாணவியரிடம் ஒரு 7 புள்ளி நேர்வரிசைக் கோலத்தைப் போடச் சொல்லி, அதில் பாதியை அழித்துவிட்டு, மீதியை ஒரே ஒரு நிறத்துண்டால் சமன் செய்யச் சொல்லுங்கள். இரண்டு கலைகளின் மேலும் மதிப்பு கூடும்.

இனி தங்கள் நாளிதழுக்கான வேண்டுகோள். இவ்வகை ஓவியத்தை அச்சிடும்போது நீள அகல விகிதத்தை மாற்றாதீர்கள். இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்குங்கள். ஓரங்களை வெட்டாதீர்கள். மோந்திரியானின் 1920களின் தொடக்க ஓவியங்களில் சில கோடுகள் கித்தானின் விளிம்பைத் தொடாமல் சற்று முன்னே நின்றுவிடும், ஓரத்தை 2 மி.மீ. வெட்டினாலும் அது தெரியாமல் போகும். படத்தைச் சுற்றி மெல்லிய கட்டக்கோடு போடும் வழக்கத்தை இவற்றுக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அது ஓவியத்தில் இல்லாத இன்னொரு கோடு. மேல்கீழ் சரிதானா என்று இரண்டு முறை பாருங்கள். ஒட்டுநாடாவில் மோந்திரியான் 1941இல் செய்த ஒரு படைப்பு 75 ஆண்டுக்கும் மேலாகத் தலைகீழாகவே மாட்டப்பட்டிருந்தது 2022இல் டுசல்டார்ஃப் நகரில் தெரியவந்தது. திருப்பினால் பழைய நாடாக்கள் கழன்றுவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள். படத்தின் அடியில் ஓவியர் பெயர், ஆண்டு, செ.மீ. அளவு மூன்றையும் போடுங்கள். 46 செ.மீ. ஓவியமும் மூன்று மீட்டர் ஓவியமும் தாளில் ஒரே அளவாகத் தெரிகிற குறை அதனால் கொஞ்சம் நீங்கும்.

அடுத்த மாணவர் பக்கத்தில் அந்த அட்டவணைக்குப் பதிலாக, முக்கோணம், சதுரம், வட்டம் மூன்றையும் 1923 வினாத்தாளில் இருந்தது போல வெற்றாக அச்சிட்டு, நிரப்பிக் காரணம் எழுதி அனுப்புமாறு மாணவர்களைக் கேளுங்கள். பழைய வடஆற்காடு வட்டாரத்துப் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.